சம்பந்தியம்மாள் ஏறிய படகு

அத்தியாயம் 17

முந்தின நாள் மாலை, வாசலில் வந்து நின்ற காரிலிருந்து சம்பந்தியம்மாள் இறங்கியபோது ரோண்டாவின் கையிலிருந்த அறைச் சாவி நழுவி விழுந்தது. அவள் கணவன் நெவில் குனிந்து எடுத்துக் கொடுத்தான். மெல்பர்னிலிருந்து பெரிய இடத்துச் சம்பந்தம் வருகிறது, அந்தப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டான்.

பதற்றம்தான். ஆனால் அதற்காக அல்ல.

மகள் ஜெம்மா கல்யாணம் செய்துகொள்ளப் போகிற ஃபீலிக்ஸின் அம்மா, இளம் வயதில் அணை எதிர்ப்புப் போராட்டத்துக்காக இதே ஸ்ட்ரான் ஊருக்கு வந்து ஜெயிலுக்குப் போனவள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதைக் கேட்ட அன்று நெவில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் படகுத்துறைக்குப் போனதும், பல நாள் மகளிடம் மழையையும் காற்றையும் தவிர வேறெதையும் பற்றிப் பேசாததும், பிறகு மனமிரங்கி "வரச் சொல்லு, பார்க்கலாம்" என்றதும் நடந்து முடிந்த கதை. போராட்டத்துக்கு அன்று வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் யாரோ ஒருத்தி என்றுதான் ரோண்டாவும் நினைத்திருந்தாள்.

காரிலிருந்து இறங்கியவள் கழுத்துத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அப்பா, இந்த ஊர்க் குளிர் மட்டும் மாறவே இல்லை" என்றாள். ஜலதோஷம் பிடித்தது போன்ற கரகரத்த குரல். அந்தக் குரலை ரோண்டா தன் இருபத்திரண்டாம் வயதில், ஒரே ஒரு விடியற்காலையில் கேட்டிருக்கிறாள்.

யாரோ ஒருத்தி இல்லை. அவளேதான்.

ஆனால் சம்பந்தியம்மாள் மரியனுக்கு ரோண்டாவை அடையாளம் தெரியவில்லை. இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஜெம்மா உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள் என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அவ்வளவுதான். ரோண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, தனக்கே விளங்காத விதத்தில், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

*

பயணிகள் தங்கும் விடுதியாகவும் இருந்தது அந்த வீடு; காலையில் அதன் சமையலறையில் ரோண்டா ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரானுக்கென்று யாரும் வருவதில்லை. இங்கே தங்கி வேறெங்கோ போகத்தான் வருவார்கள். ஒருத்தர் ஆற்றுக்கு, ஒருத்தர் மணல்மேட்டுக்கு, ஒருத்தர் மலையேறும் ரயிலுக்கு. காலையில் பொட்டலமும் வரைபடமுமாகப் போய், சாயங்காலம் சேறும் பசியுமாகத் திரும்புவார்கள். அவர்களுடைய ஈரக் காலுறைகளை அடுப்பருகே காயப்போட்டே தன் பாதி ஆயுசு போய்விட்டது என்று ரோண்டா சொல்லிச் சிரிப்பாள்.

ஜெம்மாவும் ஃபீலிக்ஸும் வீட்டில் இல்லை. மலை நடைக்குப் போயிருந்தார்கள்; இன்று இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்கள் நாலு பேரும் தங்களுக்குள் பழகிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே போன பயணம் அது. ஜெம்மா இப்படித்தான், நடைவழிகாட்டியாக வேலை பார்க்கிறவள். யாரை எந்தப் பாதையில் இறக்கிவிட்டால் தானாக நடப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நெவில் உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. ரோண்டா அதைப் பார்த்ததும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மத்ததெல்லாம் ஈரம்" என்றான்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"காத்து அடங்கியிருக்கு. ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன். நீயும் வா. அவங்களோட நான் தனியா என்ன பேசறது?"

பயணிகளை ஏற்றிப்போகும் அவன் படகில் ரோண்டா ஏறி எத்தனையோ மாதமாகிவிட்டது. அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லப் பார்த்தாள். அதற்குள் மரியன் அவசரமாக உள்ளே வந்து, அனுமதி கேட்காமலே தொட்டியில் கிடந்த தட்டுகளைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். விருந்தாளி அதையெல்லாம் செய்யக்கூடாது என்று ரோண்டா தடுத்ததற்கு, நான் விருந்தாளி இல்லை, சம்பந்தி என்று பதில் வந்தது. தட்டு கழுவுவதில் ஒன்றும் கெட்டிக்காரியில்லை. மூன்று தட்டு கழுவுவதற்குள் தரையெல்லாம் தண்ணீர். அவள் கணவர் ரோலண்ட் கதவருகே நின்று, வீட்டிலும் இப்படித்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார். பல் வைத்தியர். கழுத்தில் எப்போதும் ஒரு தொலைநோக்கி தொங்கும். பறவை பார்க்கப் பிடித்தவர், அதனாலேயே அதிகம் பேசப் பிடிக்காதவர்.

ரோண்டாவுக்கு மறுக்க வழியில்லை. தேநீர்க் குடுவையையும் இஞ்சி பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

துறைமுக நீர்ப்பரப்பு அன்று சமர்த்தாகத்தான் இருந்தது. இருந்தும் பாதி தூரம் போவதற்குள் ரோலண்டின் முகம் பச்சையாகிவிட்டது. ரோண்டா பிஸ்கட்டைக் கொடுத்து, தூரத்தில் தெரிகிற மலையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். அவர் கீழ்ப்படிதலுள்ள பையன் மாதிரி மலையைப் பார்த்தார்.

வழியிலிருந்த சாரா தீவில் இறங்கியதும் நெவில் வேறு ஆளாகிவிட்டான். எப்போதும் அப்படித்தான். வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூடக் கையைக் காட்டுகிறவனுக்கு அந்த இடிந்த செங்கல் சுவர்களுக்கு நடுவே நின்றால் எங்கிருந்தோ பேச்சு வந்துவிடும். பிரிட்டனிலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்ட கைதிகளை இங்கே வைத்து எப்படி வேலை வாங்கினார்கள், இடுப்பளவு குளிர்ந்த நீரில் நின்று மரத்தை எப்படி இழுத்தார்கள், சவுக்கடிக்கு நடுவே எப்படிக் கப்பல் கட்டினார்கள் என்று சொல்லிக்கொண்டே போனான். கடைசியாகக் கட்டிய கப்பலைக் கைதிகள் திருடிக்கொண்டு பெருங்கடலைத் தாண்டிச் சிலி தேசம்வரை போய்ச் சேர்ந்த கட்டத்துக்கு வந்தபோது அவன் கண்ணில் ஒரு குறும்பு மின்னியது. தானே அந்தக் கப்பலில் ஒளிந்து போனவன் மாதிரி.

மரியன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, உங்கள் குடும்பத்தில் யாராவது இங்கே கைதியாக இருந்தார்களா என்று கேட்டாள். ரோண்டா அவசரமாக நெவிலின் முகத்தைப் பார்த்தாள். ஆனால் இந்தத் தீவில் அந்தக் கேள்வி அவமானமில்லை, பெருமை.

"எங்கப்பாவோட கொள்ளுத்தாத்தா" என்றான் நெவில். "கோட்டு திருடினதுக்கு ஏழு வருஷம்."

"நல்ல கோட்டா?"

"அவருக்குப் பத்தலையாம்."

மரியன் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அப்போ நம்ம ரெண்டு குடும்பமும் சரிக்குச் சரி. நானும் ஜெயில் பார்த்தவதானே" என்று சொல்லிவிட்டாள்.

காற்று நின்ற மாதிரி இருந்தது. ரோலண்ட் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தார். அங்கே பறவை எதுவும் இல்லை. நெவிலின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பதற்குத் தயாராகி, கடைசி நிமிடத்தில் வேண்டாமென்று விட்டவன் போல் திரும்பிப் படகை நோக்கி நடந்தான். ரோண்டா மட்டும் அந்தக் கோணலைப் பார்த்துவிட்டாள். பரவாயில்லை, இன்றைய பொழுது நல்லபடியாகக் கழியும் என்று நினைத்தாள்.

*

ஆற்றுக்குள் நுழைந்ததும் நெவில் எஞ்சினைத் தணித்தான்.

கறுப்புத் தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது தண்ணீர். இரண்டு கரையிலும் இருந்த காடு தலைகீழாக அதற்குள்ளும் இருந்தது. எது மரம், எது அதன் நிழல் என்று தெரியாத அளவுக்கு. படகின் முனை பட்டுக் கலையும்போதுதான் நிழல் எதுவென்று தெரியும். ரோலண்டுக்கு உயிர் திரும்பியது. மரியன் மட்டும் படகின் ஓரக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் நெவில் எல்லாப் பயணிகளுக்கும் சொல்லுகிற வாக்கியம் ஒன்று உண்டு. ரோண்டாவுக்கு மனப்பாடம். இன்றும் அதையே சொன்னான். "இதுக்கு மேல, ஆத்துல ஒரு அணை வர்றதா இருந்துச்சு. வரல." சொல்லிவிட்டு மரங்களின் வயதைப் பற்றி ஆரம்பித்தான்.

"அவ்வளவுதானா?" என்றாள் மரியன்.

நெவில் நிறுத்தினான்.

"இல்ல, ஒண்ணரை மணி நேரம் கைதிங்க கதை சொன்னீங்க. இதுக்கு ரெண்டு வார்த்தைதானா?" அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை என்பது ரோண்டாவுக்குத் தெரிந்தது. குரலில் ஏக்கம்தான் இருந்தது. ஆனால் நெவில் காதில் அது எப்படி விழுந்ததோ, கரையோரம் மரத்தூணில் கயிற்றைக் கட்டி, எஞ்சினை முழுக்க அணைத்தான். அந்த அமைதியில் ரோண்டாவுக்குத் தேநீர் ஊற்றும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"மீதியைச் சொன்னா உங்களுக்குப் பிடிக்காது" என்றான்.

"பிடிக்கணும்னு நான் கேக்கல."

அவன் சொன்னான். சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் நெவிலின் குரல் இறங்கிக்கொண்டே போகும். அதுதான் ரோண்டாவுக்குப் பயம். அணை வேலையில் மண்வாரி ஓட்ட அவனுக்கு இடம் உறுதியாகியிருந்ததைச் சொன்னான். அதை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்ததை, ஊரில் பாதி வீடுகள் அதே மாதிரி ஒன்றை நம்பியிருந்ததைச் சொன்னான். பிறகு நாட்டின் தலைமை நீதிமன்றம் அணை கூடாதென்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் வேலையில்லாமல் அவன் அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும், அடுத்த வருஷமே போய்விட்டதையும் சொன்னான். தானும் சுரங்கத்துக்குள் போனதை, வெளிச்சம் பார்த்து இந்தப் படகு வாங்குவதற்குள் தலை நரைத்துவிட்டதைச் சொன்னான்.

"இன்னிக்கு இந்த ஆத்தை வெச்சுத்தானே பிழைக்கிறேன்னு சொல்லிடாதீங்க" என்றான். "அதை எங்கிட்ட சொல்லாத ஆளே இந்த ஊர்ல கிடையாது. எனக்கும் தெரியும். இந்த ஆத்தை உங்களவிட எனக்குத் தெரியும். ஆனா நீங்க ஜெயிச்சிட்டுப் போயிட்டீங்க. நாங்க இங்கேயே இருந்தோம்."

ரோலண்ட் மனைவியின் கையைத் தொட்டார். போதும், விடு என்ற தொடுகை. மரியன் கையை விலக்கவுமில்லை, பேச்சை விடவுமில்லை.

"ஆத்தைக் காப்பாத்தினதுக்காக நான் வருத்தப்பட மாட்டேன்" என்றாள் மெதுவாக. "பாருங்க இதை. எப்படி வருத்தப்படறது? ஆனா உங்க யாரோட பேரையும் நாங்க கேட்டுத் தெரிஞ்சுக்கல. நீங்க கத்தினீங்க, நாங்க பாட்டுப் பாடினோம். அவ்வளவுதான் பழக்கம். அது தப்புதான்."

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலும் சொன்னாள். ஆற்றை மறித்து நின்ற ரப்பர் படகிலிருந்து போலீஸார் தூக்கி வந்து துறையில் இறக்கிய அந்தக் காலையைப் பற்றி. இரவு முழுக்க மழை. நனைந்து, பல் கிட்டி, நிற்கக்கூட முடியாமல் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். வண்டி வரக் காத்திருந்த போலீஸ்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ரொட்டிக்கடைத் தொப்பியும் மழைக்கோட்டுமாக ஒரு பெண் வேகமாக வந்தாளாம். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு முழு ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கோட்டுக்குள் திணித்தாளாம்.

"'குளிருது'ன்னு மட்டும் சொன்னேன், சாப்பிடப் போனேன். 'இப்பச் சாப்பிடாதே, முதல்ல நெஞ்சோட வெச்சு அணைச்சுக்கோ, சூடு ஏறட்டும்'னு சொன்னா. சொல்லிட்டு ஓடிட்டா. முகத்தைக்கூடச் சரியாப் பார்க்கல. அப்புறம் தினமும் யாரோ எங்க கூடாரத்துக்கிட்ட ஒரு மூட்டை ரொட்டி வெச்சிட்டுப் போறாங்கன்னு மத்தவங்க ஜெயில்ல வந்து சொன்னாங்க." மரியன் நெவிலைப் பார்த்தாள். "கட்டிக்கப்போறது இந்த ஊர்ப் பொண்ணுன்னு ஃபீலிக்ஸ் சொன்னதுமே எனக்கு முதல்ல அவ ஞாபகம்தான் வந்துச்சு. உங்க வயசுதான் இருக்கும். உங்களுக்குத் தெரியாம இருக்காது. யாரு அவ?"

நெவில் தலையசைத்தான். அவன் முகத்தில் கோபம் வடிந்து, பழைய கதையைத் திருத்துகிறவனின் நிதானம் வந்திருந்தது.

"வேற ஊரா இருக்கும். இல்ல வெளியாளா இருக்கும். எங்க ஊர்ல அப்படி ஒருத்தி இருந்திருக்க முடியாது. இருந்திருந்தா எங்கப்பா கண்டுபிடிச்சிருப்பார். அணை வேணும்னு நடந்த ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் அவர்தான் தலைவர். உங்க ஆளுங்களுக்கு ஒரு டீ குடுத்தவங்களைக்கூட விட்டதில்ல."

ரோண்டாவின் கையில் குடுவை இருந்தது. மூடியைத் திருகி மூடினாள். பேசாமல் இருந்துவிடலாம். யாரும் கேட்கவில்லை. மரியனுக்குத் தெரியாது, நெவிலுக்குத் தெரியாது, அவன் அப்பா மண்ணுக்குள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இந்தத் தேநீர் தீர்ந்ததும் படகு கிளம்பும். சாயங்காலம் மாவுக்குள் மீனை வைத்து மீன் பை சுட வேண்டும். பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிய வேலை.

ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவள் அந்தக் காலையில் ரோண்டாவின் தங்கை மாதிரி இருந்தாள். உதடு நீலமாகி, புருவத்திலிருந்து தண்ணீர் சொட்ட. இன்றைக்கும் அப்படியே கோப்பையை நெஞ்சோடு வைத்துப் பிடித்திருக்கிறாள்.

"கண்டுபிடிக்கலையே, நெவில்" என்றாள் ரோண்டா.

சட்டென்று யாருக்கும் விளங்கவில்லை. முதலில் புரிந்துகொண்டவர், காலையிலிருந்து பத்து வார்த்தைகூடப் பேசாத ரோலண்ட்தான். அவர் தொலைநோக்கியைக் கழற்றி மடியில் வைத்தார். அடுத்து மரியன் எழுந்தாள். எழுந்த வேகத்தில் படகு ஆடி, தேநீர் பாதி ரோலண்டின் கால்சட்டையில் கொட்டியது. அவள் வந்து ரோண்டாவைக் கட்டிக்கொண்டாள். சம்பந்திகள் தழுவிக்கொள்கிற மாதிரி இல்லை. தொலைந்துபோனதைத் தேடி எடுத்தவள் மாதிரி.

"நீதானா? நேத்திலேர்ந்து உன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ ஒரு வார்த்தை சொல்லலையே" என்று அந்தக் கரகரத்த குரலில் அழுதாள். "நீங்க" என்பது எப்போது "நீ" ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவள் தோளுக்கு மேலே ரோண்டா கணவனைப் பார்த்தாள். நெவில் அவளைப் பார்க்கவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். எத்தனையோ ஆயிரம் தடவை அவிழ்த்த முடிச்சு. இன்று சீக்கிரம் அவிழவில்லை.

*

திரும்புகிற வழி முழுக்க அவன் சுக்கானை விட்டுத் திரும்பவில்லை. மரியன் ரோண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கோடை முழுக்க எப்படி ரொட்டி கொண்டு வந்தாய், யாரும் பார்க்கவில்லையா என்றெல்லாம் மெல்லிய குரலில் கேட்டாள். முந்தின நாள் விற்காத ரொட்டியைப் பன்றிக்குப் போடுவதாகச் சொல்லி எடுத்து வருவேன் என்று ரோண்டா சொன்னாள். அந்தப் பன்றிக்கு என்ன பேர் வைத்தாய் என்று மரியன் கேட்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ரோண்டா சிரித்துக்கொண்டே கணவனின் முதுகைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டை தோளருகே விறைத்திருந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

துறையில் சம்பந்திகளை அவன் மரியாதையாகவே கைகொடுத்து இறக்கிவிட்டான். பலகை வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றான். ரோலண்ட் நிலைமையை உணர்ந்தவராக, மனைவியை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். ரோண்டா இறங்கவில்லை.

நெவில் வாளியில் தண்ணீர் மொண்டு தளத்தைக் கழுவ ஆரம்பித்தான். அவள் துடைப்பத்தை எடுத்துத் தள்ளினாள். கொஞ்ச நேரம் இருவரும் வேலையை மட்டும் பார்த்தார்கள்.

"எங்கப்பா வீட்டு வாசலைத் தாண்டித்தானே முகாமுக்குப் போகணும்" என்றான் கடைசியில்.

"பின்பக்கமா, சர்ச்சைச் சுத்திப் போவேன்."

"தெரிஞ்சிருந்தா நம்ம கல்யாணத்தை நிறுத்தியிருப்பார்."

"ஆமா."

"தெரிஞ்சும் செஞ்சியா?"

"அந்தப் பொண்ணு நடுங்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, நெவில். அணையைப் பத்தியெல்லாம் நான் யோசிக்கல. அப்புறம் ஒரு தடவை குடுத்துட்டா, மறுநாள் குடுக்காம இருக்க முடியல."

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். அதன் மேலேயே உட்கார்ந்தான். அவன் கேட்கப் போவது என்னவென்று அவளுக்குத் தெரியும். ரொட்டி பற்றியதல்ல.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஊருக்கு வேணாம், எங்கப்பாவுக்கு வேணாம். எனக்கு."

"சொல்லியிருந்தா நீ யார் பக்கம் நின்னிருப்பே?"

நெவில் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். அதனால்தான் நேரம் எடுத்துக்கொண்டான். தூரத்தில் யாரோ துடுப்புப் படகைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உன் பக்கம்தான்" என்றான்.

"அது தெரிஞ்சுதான் சொல்லல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பாவும் மகனும் பேச்சுவார்த்தை இல்லாம ஆகியிருப்பீங்க" என்றாள் ரோண்டா. "அடுத்த வருஷமே அவர் போயிட்டார். அந்தக் கடைசி நாள்ல நீதானே பக்கத்துல உட்கார்ந்து அவருக்கு ஷேவ் பண்ணிவிட்டே. அது உனக்குக் கிடைச்சிருக்காது."

நெவில் முகத்தை இரண்டு உள்ளங்கையாலும் தேய்த்துக்கொண்டான். எழுந்து, துறைமேல் ஏறி, அவளுக்குக் கை நீட்டினான்.

"கோபம் இருக்கு" என்றான். "நாளைக்கும் இருக்கும்."

"இருக்கட்டும்."

"பன்றியாம் பன்றி" என்று முணுமுணுத்தான். அவள் கையை விடாமலே வீடுவரை நடந்தான். ஊரில் பார்த்தவர்களுக்கு அது அதிசயமாகத்தான் இருந்திருக்கும். நெவில் தெருவில் மனைவி கையைப் பிடித்து நடந்தது கல்யாணப் புதிதில்தான்.

*

கோடைக்காலத்து வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேஜையில் ஆறு தட்டு வைத்திருந்தார்கள். மீன் பையின் மணம் கூடம்வரை வந்தது. மரியன் சமையலறையில் உதவி செய்தாள், அதாவது ரோண்டாவுக்கு வேலை இரண்டு மடங்கானது.

நெவில் ஒரு போத்தலைத் திறந்து நாலு கிளாஸில் ஊற்றினான். மரியனுக்கு நீட்டும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு, நாளைக்கு வேறு பயணிகளை ஆற்றுக்குக் கூட்டிப் போவதாகவும், அவளும் வரலாமென்றும் சொன்னான். அந்த இடம் வந்ததும் தன் கதையைத் தான் சொல்வான். அவள் கதையை அவள் சொல்லலாம். எது பிடிக்கிறதோ அதை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

"சண்டை வந்தா?" என்று கேட்டாள் மரியன்.

"ரோண்டா டீ ஊத்துவா" என்றார் ரோலண்ட்.

அன்றைக்கு அவர் செய்த முதல் தமாஷ் அது. நெவில் வாய்விட்டுச் சிரித்தான். கல்யாணத்தை எங்கே வைக்கலாம் என்று பேச்சு போனது. தீவில் வைத்தால் என்ன என்றாள் மரியன். ஜெயிலிலா, பொருத்தம்தான் என்றான் நெவில். பெண்ணையும் பிள்ளையையும் கேட்காமலே விருந்துக்கு என்ன சமைப்பது என்பதுவரை போய்விட்டார்கள். இந்த நாலு பேரும் இப்படி உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்தால் ஜெம்மாவின் முகம் எப்படி மலரும் என்று ரோண்டா நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது.

வந்துவிட்டார்கள் என்று அடுப்பை நோக்கி எழுந்தவள், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நின்றாள்.

வண்டியின் ஒரு கதவுதான் திறந்தது.

ஜெம்மா சேற்றுக் காலணியைக் கழற்றாமலே கூடத்துக்குள் வந்தாள். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பெண் அப்படிச் செய்ததே இல்லை. மேஜையை, கிளாஸ்களை, சிரித்து நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஃபீலிக்ஸ் எங்கேம்மா?" என்று மரியன் கேட்டாள்.

"ஹோபார்ட் பஸ்ல ஏறிட்டான்." குரல் கட்டுப்பாடாகத்தான் வந்தது. "மெல்பர்ன்ல வேலைக்கு ஒத்துக்கிட்டானாம். போன மாசமே. கல்யாணம் ஆனதும் நானும் அங்க வந்துடுவேன்னு அவனாவே முடிவு பண்ணியிருக்கான். மலை உச்சியில வெச்சு இதைச் சொல்றான், கேட்டா நான் சந்தோஷப்படுவேன்னு நினைச்சானாம். சண்டையாயிடுச்சு."

மரியன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். அவர்களுக்கும் தெரியாது.

நெவில் மகளருகே போனான். எதையோ சொல்ல வாயெடுத்தான். ஜெம்மா கையை உயர்த்தித் தடுத்தாள்.

"கல்யாணம் உண்டா இல்லையான்னு மட்டும் இப்ப யாரும் கேக்காதீங்க, அப்பா" என்றாள். "எனக்கே தெரியாது."